ஆட்டையும் சேர்த்துச் சொல்லு, மாப்ள

பச்சைப் பாலையே குடி மாப்ள. காய்ச்சினா சத்தெல்லாம் ஆவியாப் போயிடும்னு போன்ல எவனோ சொல்லிட்டான். அதுக்கு மேல நம்ம கரங்கான் ஊர்ல யாருக்கு வாய் இருக்கு? காலமெல்லாம் மாட்டு வாலைப் பிடிச்சிக்கிட்டு நடந்த உன் தாய்மாமனுக்கா இருக்கு? நீ பாட்டுக்குக் கறந்த சூடு ஆறுறதுக்குள்ள ஒரு கிளாஸ் குடிச்சிட்டு, மீசை நுரையைத் துடைச்சிக்கிட்டு, 'ஆர்கானிக்'னு ஒரு ஏப்பம் விடு. கிருமிங்களுக்கும் ஒரு பொழப்பு வேணும்ல.

கோவிச்சிக்காதே. குலிம் ஹைடெக் ஃபேக்டரியில ஷிப்ட் பாத்துக்கிட்டு, லீவு நாள்ல ஆடு வளக்கணும்னு கிளம்பினியே, அந்த மனசு எனக்குப் பிடிச்சிருக்கு. இந்தத் தோட்டத்துப் பிள்ளைங்க பாதிப் பேர் ஆட்டைக் கறியாத்தான் பாத்திருக்கு. நீ ஜம்னாபாரி ஆடு வாங்கி, செம்பனை ஓரமாப் பரண் கட்டி, ஃபேன்கூட மாட்டியிருக்கே. உங்கம்மா அடுப்படியில இன்னும் ஃபேன் இல்ல. பரவால்ல, அவ பால் கறக்கலயே!

ஆனா பாலைப் போத்தல்ல ஊத்தி அக்கம்பக்கம் விக்கப் போறேன்னு நேத்து சொன்னே பாரு, அப்பதான் எனக்கு வெத்தலை புரையேறுச்சு. ஆஸ்துமாவுக்கு நல்லது, மூட்டு வலிக்கு நல்லது, போத்தல் இத்தனை வெள்ளின்னு நீ அடுக்கினதைக் கேட்டா, ஆட்டுக்கே ஒரு போத்தல் வாங்கிக் குடிக்கலாம்னு தோணியிருக்கும். அதனால ஒரு சேதி சொல்றேன். கட்டுக்கதை இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம், பினாங்குல நடந்தது. டாக்டருங்க 2015-ல அமெரிக்க வெப்பமண்டல மருத்துவ இதழ்ல எழுதியே வெச்சிருக்காங்க. என் மக நர்ஸா இருக்காளே, அவதான் எனக்குப் படிச்சுக் காட்டினா. நான் படிச்ச படிப்புக்குக் கங்காணி சீட்டே பெரிசு.

அங்க ஒரு ஆட்டுப் பண்ணைக்காரர். மூணு வாரமாக் காய்ச்சல், தலைவலி. சோறு இறங்கல, வேர்த்து வேர்த்துச் சட்டை நனையுது, எழுந்து நிக்கத் தெம்பில்ல. ஆஸ்பத்திரியில டெங்கியான்னு பாத்தாங்க, இல்ல. மலேரியாவா, இல்ல. எலி மூத்திரக் காய்ச்சலா, அதுவும் இல்ல. உண்ணிக் காய்ச்சலான்னு பாத்து அதையும் தள்ளியாச்சு. ரத்தத்துல கிருமி வளருதான்னு வெச்சுப் பாத்தா, ஒண்ணும் வளரல. ஆனா மனுசன் ஆட்டுப் பண்ணை வெச்சிருக்காரு, அந்தப் பாலைக் காய்ச்சாமக் குடிக்கிறாரு, ஊருக்கும் விக்கிறாரு. அந்தத் துப்பை வெச்சு 'புருசெல்லா'ங்கிற கிருமிக்கு ரத்தம் பாத்தாங்க. அகப்பட்டுச்சு.

அதோட முடிஞ்சுதா? ஒரு வருசத்துல, அதே பண்ணைப் பாலைக் குடிச்ச 79 பேருக்கு அதே நோய்னு தெரிஞ்சுது. அதுல ரெண்டு பேர் பண்ணையிலயே வேலை பாத்தவங்க. ரத்தத்தைப் பரிசோதனை பண்ணின லேப் ஆளுங்க நாலு பேருக்கும் ஒட்டிக்கிச்சு. அவங்க போத்தலைத் தொட்டிருக்க மாட்டாங்க, ஆட்டைப் பாத்திருக்க மாட்டாங்க. நோயைத் தேடிப் போனவங்களை நோயே தேடி வந்திருச்சு. அவ்வளவு சின்ன அளவு போதும் அந்தக் கிருமிக்கு.

இப்பக் கேளு, இதுதான் முக்கியம். காய்ச்சல் தொடங்கின நாள்லேர்ந்து இன்ன நோய்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் சராசரியா 53 நாள் ஆச்சு. ஒருத்தருக்கு 210 நாள். ஏழு மாசம், மாப்ள! ஏழு மாசம் ஒரு மனுசன் பனடோல் முழுங்கிக்கிட்டு, எம்.சி. எடுத்துக்கிட்டு, சாமியாடிகிட்ட விபூதி வாங்கிக்கிட்டு அலைஞ்சிருப்பான். வீட்டு ஐஸ் பெட்டியில அந்தப் பால் போத்தல் பவ்வியமா உக்காந்திருக்கும். உடம்பு தேறணும்னு அதையே இன்னும் ரெண்டு கிளாஸ் ஊத்திக் கொடுத்திருப்பா பொஞ்சாதி. பாசம்தானே!

ஐஸ் பெட்டியில வெச்சா கிருமி செத்துடும்னு நினைக்காதே. குளிர்ல அது சுகமாத் தூங்கும், அவ்வளவுதான். உறைய வெச்சாலும் பொழைச்சுக்கும். அதைக் கொல்ல நெருப்புதான் வேணும். 63 டிகிரியில அரை மணி நேரம், இல்லன்னா 72 டிகிரியில 15 விநாடின்னு ஃபேக்டரியில கணக்கு வெச்சிருக்கான். உன் வீட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேணாம். அடுப்புல வை, கரண்டியால கிண்டிக்கிட்டே இரு, நுரை பொங்கி விளிம்புக்கு வரட்டும். தீயைக் குறைச்சு மறுபடி ஒருக்கா பொங்க விட்டு இறக்கு. நம்ம வீட்டுல தை மாசம் பால் பொங்கலேன்னா பதறிப் போவாங்க. வருசத்துக்கு ஒரு நாள் பொங்கினாப் போதும்னு மத்த நாளெல்லாம் பச்சையாக் குடிக்கிறவன் நீ ஒருத்தன்தான்.

'என் ஆடு நல்லாத்தானே இருக்கு மாமா'ன்னு சொல்லுவே. தெரியும். மால்டா தீவுலயும் வெள்ளைக்கார துரைங்க இதையேதான் சொன்னாங்க. அங்க பட்டாளத்துக்காரனுங்க வருசா வருசம் காய்ச்சல்ல விழுந்தானுங்க. டேவிட் புரூஸ்னு ஒரு பட்டாளத்து டாக்டர் 1887-ல கிருமியைப் பிடிச்சுட்டாரு, ஆனா எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. தண்ணியா, காத்தா, கொசுவான்னு வருசக்கணக்காத் தேடினாங்க. ஆடுங்க தெருத்தெருவா வந்து, வாசல்லயே நின்னு, கண்ணு முன்னாலயே கறக்கப்பட்டு, கொழுகொழுன்னு போய்க்கிட்டிருந்துச்சு. அதை யாரு சந்தேகப்படுவா? ஸம்மித்னு அந்தத் தீவுக்காரர் ஒருத்தர் 1905-ல ஆட்டு ரத்தத்தைச் சோதிச்சுப் பாத்தப்பதான், கொழுத்த ஆட்டுக்குள்ளதான் கிருமி குடித்தனம் பண்ணுதுன்னு வெளிச்சமாச்சு. மறு வருசம் பட்டாளத்துக்கு ஆட்டுப் பாலை நிறுத்தினாங்க, காய்ச்சல் அடங்கிருச்சு. அத்தனை துரைங்க மூளையையும் ஆடு ஏமாத்தியிருக்கு. உன்னை ஏமாத்த அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஆடு ஒரே ஒரு இடத்துல மட்டும் உண்மையைச் சொல்லும். சினை ஆடு மாசம் முத்தின நேரத்துல குட்டி வீசிடும். ஒண்ணு வீசினா கண்ணு பட்டுச்சும்பே, ரெண்டாவது வீசினா எதிர்த்த வீட்டுக்காரனைத் திட்டுவே, மூணாவதுக்கு முனியாண்டிக்குச் சேவல் நேந்துக்குவே. முனியாண்டி வாங்கிக்குவாரு, அவருக்கென்ன! ஆனா மொத குட்டி வீசின அன்னைக்கே கால்நடை இலாகாவுக்குச் சொல்லியிருந்தா, வந்து ரத்தம் எடுத்துப் பாத்திருப்பாங்க. இருக்குன்னா அந்த ஆட்டை வெட்டச் சொல்லுவாங்க. வயிறு எரியும்தான். ஆனா ஒரு ஆட்டோட போறதா, ஒரு மந்தையோட போறதாங்கிறதை நீயே யோசிச்சுக்க.

போன மாசம் உன் ஆடு குட்டி போட்டப்ப நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். குட்டி தலை மாட்டிக்கிச்சு. நீ சட்டைக் கையை மடிச்சுவிட்டு, வெறுங்கையை முழங்கை வரைக்கும் விட்டு இழுத்தே பாரு, ஆகா! சினிமாவுல கதாநாயகன்கூட அப்படி ஒரு பிரசவம் பாத்ததில்ல. கையில முள்ளு கீறின காயம் வேற, அதுமேல பனிக்குடத் தண்ணி வழியுது. குட்டி மூக்குல இருந்த சளியைத் துடைச்சுட்டு, அதே கையால நெத்தி வேர்வையைத் துடைச்சே. நஞ்சுக்கொடியைத் தூக்கி நாய்க்கு வீசினே. நாய் வாலை ஆட்டுச்சு. கிருமியும் ஆட்டியிருக்கும், அதுக்கு வால் இருந்திருந்தா. நோய் பிடிச்ச ஆட்டோட நஞ்சுக்கொடியிலயும் பனிக்குடத் தண்ணியிலயும்தான் கிருமி கோடிக்கணக்குல கூட்டம் போடும். உன் காயம் அதுக்குத் திறந்த வாசல். நாய்க்கும் வரும், அதை மறந்துடாதே.

காயமே இல்லன்னாலும் சில கிருமி காத்துல வரும். ஹாலந்துல நடந்ததைக் கேளு. பண்ணை நடத்துறதுல அவனுங்களை மிஞ்ச ஆள் கிடையாது. 2007-லேர்ந்து 2010 வரைக்கும் 'கியூ காய்ச்சல்'னு ஒண்ணு அங்க 4,000 பேருக்கு மேல பிடிச்சுது. பால் பண்ணை ஆடுங்க குட்டி வீசினப்ப வந்த கிருமி, தூசியில கலந்து, காத்துல ஏறி, பக்கத்து ஊர்ல ஆட்டையே பாக்காதவன் நெஞ்சுக்குள்ள போய் இறங்குச்சு. கடைசியில சினை ஆடுங்களையே 50,000-க்கு மேல கொல்ல வேண்டியதாப் போச்சு. உன் பரண் உங்கம்மா துணி காயப்போடுற கொடிக்கு நேர் காத்துல இருக்கு. ஃபேன் வேற அந்தப் பக்கமாத்தான் திருப்பி வெச்சிருக்கே. நல்ல மகன்டா நீ.

சரி, ஆட்டை விடு. சப்பாத்து இல்லாம நடக்குறியே, அதைப் பாப்போம். மழை பெஞ்சு செம்பனைக் காட்டு வாய்க்கால் ரொம்பினா, மாட்டு மூத்திரம், எலி மூத்திரம், பன்னி மூத்திரம் எல்லாம் ஒரே தண்ணியிலதான் மிதக்கும். நம்ம தோட்டத்துல எலியைப் பிடிக்க ஆந்தைக்கு மரப்பெட்டியில வீடு கட்டிக் கொடுத்திருக்கான் நிர்வாகம். எலி எவ்வளவு இருந்தா ஆந்தைக்குக் குவார்ட்டர்ஸ் கொடுப்பான்னு யோசி. எலி மட்டும்னு இல்ல, மாட்டுக் கிட்னியிலயும் எலி மூத்திரக் காய்ச்சலைக் கொடுக்கிற அந்த 'லெப்டோ' கிருமி குந்தியிருந்து மூத்திரத்துல இறங்கும். உன் குதிகால் வெடிப்பு வழியா உள்ள வரும். கண்ணுல, வாயில தெறிச்சாலும் வரும்.

அதே சேத்துல இன்னொண்ணும் இருக்கு. மெலியோய்டோசிஸ். ரங்கூன்ல 1912-ல விட்மோர்னு ஒரு துரையும் கிருஷ்ணசாமின்னு நம்ம பேர்க்காரர் ஒருத்தரும் சேந்து எழுதி வெச்ச நோய். அதுக்கு இந்தப் பேரை வெச்சது கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துல இருந்த ஸ்டாண்டனும் பிளெட்சரும். இது ஆட்டுக்கும் வரும், மாட்டுக்கும் வரும், நமக்கும் வரும். பெரும்பாலும் ஆடு நமக்குக் கொடுக்கிறதில்ல, ரெண்டு பேரும் ஒரே மண்ணுலேர்ந்து வாங்கிக்கிறோம். நம்ம கெடா மாநிலத்துலயே, அலோர் ஸ்டார் பக்கம் 2005-லேர்ந்து 2008 வரைக்கும் கணக்கெடுத்தாங்க. 145 பேருக்கு வந்துச்சு, மூணுல ஒருத்தர் பிழைக்கல. அதிகமா மாட்டினது இனிப்பு நீர்க்காரங்க. 2010-ல பகாங், லூபோக் யூவுல தண்ணியில மூழ்கினவனைத் தேட இறங்கினவங்களுக்கு மெலியோய்டோசிஸும் லெப்டோவும் பிடிச்சு, எட்டுப் பேர் போயிட்டாங்க. உனக்கு இனிப்பு நீர் இருக்கா இல்லையான்னு நீ இன்னும் பாக்கவே இல்ல. பாக்காம இருந்தா இல்லைன்னு அர்த்தம், அப்படித்தானே?

கோழிக்கு வருவோம். உன் பங்காளி ஒருத்தன் இருக்கானே, கோழி தும்மினா மருந்து, தும்மலேன்னாலும் மருந்து. தீனியில கலந்து கொடுத்தா சீக்கிரம் எடை ஏறும்பான். 'கொலிஸ்டின்'னு ஒரு மருந்து. எல்லா மருந்தும் கைவிட்ட நோயாளிக்கு ஆஸ்பத்திரியில கடைசியா எடுக்கிறது. அதைப் போய்க் கோழிக்கும் பன்னிக்கும் மூட்டை மூட்டையா ஊட்டினாங்க உலகம் பூரா. 2015-ல சீனாவுல கண்டுபிடிச்சாங்க, அந்த மருந்துக்கு அசையாத கிருமி வந்திருச்சு, அந்தத் திறமையைத் தன் இனத்துக்கு மட்டும் இல்ல, பக்கத்துக் கிருமிக்கும் கைமாத்திக் கொடுக்குதுன்னு. நம்ம நாட்டுக் கோழியிலயும் அது தென்பட்டுச்சு. 2019 ஜனவரி 1-லேர்ந்து கால்நடைக்கு அந்த மருந்து கூடாதுன்னு மலேசியா தடை போட்டுச்சு. சட்டம் போட்டாச்சு. பங்காளி ஸ்டோர் ரூம்ல பழைய டப்பா இருந்தா, அதையும் சட்டமே வந்து எடுத்துட்டுப் போகுமா?

இதைக் கேட்டுட்டு 'பாவி ஆடு, பாவி கோழி'ன்னு திட்டாதே. ஆட்டைக் கடிச்சு, மாட்டைக் கடிச்சு, கடைசியில மனுசனைக் கடிச்சுதாம்னு நாம பழமொழி வெச்சிருக்கோம். சில சமயம் கணக்கு தலைகீழ். பண்ணைப் பன்னிங்க கிட்ட இருக்கிற 'ஸ்டெஃபிலோகாக்கஸ்' கிருமி ஒண்ணோட பூர்வீகத்தை 2012-ல ஆராய்ச்சிக்காரங்க தோண்டினாங்க. அது மொதல்ல மனுசன் மூக்குல சாதுவா இருந்தது. மனுசன்தான் பன்னிக்குக் கொடுத்திருக்கான். பன்னித் தீனியில இருந்த மருந்தைத் தின்னு தின்னு, மருந்துக்கு மசியாத ரௌடியா வளந்து, திரும்பப் பண்ணைக்காரன்கிட்டயே வந்துச்சு. கொடுத்த காசு வட்டியோட திரும்பின கதைதான். அதனால நீ தும்மிக்கிட்டு, காய்ச்சலோட போய்க் குட்டிக்குப் பால் புகட்டினா, ஆட்டுக்கும் ஒரு மாமன் இருந்து அதுக்குப் புத்தி சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, கிண்டல் போதும். காரியத்துக்கு வா.

கொட்டாய்க்குள்ள போற பூட்ஸ் கொட்டாயிலயே இருக்கணும், வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. குட்டி போடுற நேரத்துக்கு முழங்கை வரைக்கும் கிளவ்ஸ், மூஞ்சிக்கு மாஸ்க், வீட்டுல கர்ப்பிணி இருந்தா அவங்க அந்தப் பக்கமே வர வேணாம். நஞ்சுக்கொடியை ஆழமாக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதை. வெளிய வந்ததும் சவுக்காரம் போட்டுக் கழுவு. சும்மா நனைச்சுட்டு வேட்டியில துடைக்கிறது கழுவுறது இல்ல. புதுசா ஆடு வாங்கினா நேரா மந்தையோட சேக்காதே, தனியாக் கட்டி, ரத்தம் பாத்த பிறகு உள்ள விடு. மலிவா வருதுன்னு எவனோ லோரியில ஏத்திட்டு வந்தா, மலிவுக்குக் காரணம் கேளு. கோழிக்கு மருந்து வேணும்னா கால்நடை டாக்டர் சொல்லட்டும், பங்காளி சொல்ல வேணாம். பாலைக் காய்ச்சித்தான் விக்கணும். காய்ச்சின பாலுக்கு மதிப்பில்லைன்னு எவனாவது சொன்னா, அவனைப் பினாங்குக்கு அனுப்பி வை.

இத்தனையும் செஞ்சாலும் ஒரு நாள் காய்ச்சல் வரலாம். அப்ப கிளினிக்குல போய் உக்காந்து, 'காய்ச்சல் டாக்டர்'னு மட்டும் சொல்லிட்டு வராதே. நம்ம ஆளுங்களுக்கு ஒரு வெக்கம் இருக்கு. ஹைடெக் கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு 'நான் ஆடு வளக்கிறேன்'னு சொன்னா மரியாதை குறைஞ்சிடுமாம். எஞ்சினியர்னு சொல்லுவான், ஆஸ்ட்ரோ டிவி சந்தா எவ்வளவுன்னு சொல்லுவான், கொட்டாய்ல இருக்கிற ஆட்டைப் பத்தி மட்டும் மூச்சு விட மாட்டான். டாக்டருக்கு என்ன ஜோசியமா தெரியும்? 1998-ல ஈப்போ பக்கம் பன்னிப் பண்ணைக்காரங்க செத்து விழுந்தப்ப மொதல்ல என்ன பண்ணினாங்க? கொசுவாலதான்னு நினைச்சுக் கொசு மருந்து அடிச்சாங்க. நிப்பாங்கிற வைரஸ் பன்னி வழியா வந்ததுன்னு தெரியிறதுக்கு மறு வருசம் மார்ச் ஆயிடுச்சு. அது பாக்டீரியா இல்ல, சாதி வேற. பாடம் ஒண்ணுதான். 105 பேர் செத்தாங்க, பத்து லட்சத்துக்கு மேல பன்னியைக் கொன்னாங்க.

அதனால டாக்டர் கேக்கலன்னாலும் நீயே சொல்லு. 'ஆடு இருக்கு டாக்டர், போன மாசம் குட்டி போட்டுச்சு, நான்தான் இழுத்தேன். வாய்க்கால்ல இறங்கினேன், கால்ல புண்ணு இருக்கு. பச்சைப் பால் குடிச்சேன், புத்தி இல்லாம.' கடைசிச் சொல்லைக்கூட விட்டுடலாம், டாக்டருக்கே தெரிஞ்சிடும். ஒரு நிமிசம் ஆகும் இதைச் சொல்ல. பினாங்குல சராசரி 53 நாள் போச்சு. கண்டுபிடிச்ச பிறகும் சும்மா விடல. பெரும்பாலானவங்க ரெண்டு மருந்து சேத்து ஆறு வாரம் முழுங்க வேண்டியிருந்துச்சு. அப்படியும் 21 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்துச்சு, மூணுல ஒருத்தருக்கு நோய் போனாலும் குறை தங்கிப் போச்சு. காய்ச்சல் விட்டுருச்சுன்னு பத்தாம் நாள் மருந்தை நிறுத்திட்டு, மிச்ச மாத்திரையைக் கோழிக்குப் போட்டுடாதே. உன்னைத் தெரிஞ்சுதான் முன்கூட்டியே சொல்றேன்.

ஆடு வளத்துக்க மாப்ள, நல்லா வளத்துக்க. இந்தத் தோட்டத்துல பால் மரம் போச்சு, லயம் போச்சு, மாட்டுப் பட்டியும் போயிடுச்சு. ஆட்டுச் சத்தமாவது கேக்கட்டும். அந்தக் கறுப்புக் கெடா மட்டும் தீவாளிக்கு எனக்கு. நல்லா வேக வெச்சுக் கொண்டா. எனக்கு மெல்லப் பல்லும் இல்ல, ஆஸ்பத்திரியில உக்காந்து உன் ஆட்டுக் கதையைச் சொல்லத் தெம்பும் இல்ல.